சத்து மாத்திரை பாட்டில்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா என்னை வாயைத் திறந்து காட்டச் சொன்னாள்.

நான் நெதர்லாந்தில் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அவள் கச்சிராயபாளையத்தில், கோமுகி அணைக்குப் போகிற சாலையில் இருக்கும் தன் வீட்டில் இருந்தாள். நடுவில் கைபேசி. மாத்திரையை முழுங்கிவிட்டேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "நாக்க தூக்குடா, பாக்கலாம்" என்றாள். தொழிற்சாலையில் ஒரு பிரிவுக்கே மேலாளர் நான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

ஏன் காட்டினேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்பதால் மீதிப் பேருக்கும் நானே சொல்லிவிடுவது மேல்.

பல வருடங்களாக இந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வேறு மாதிரி நடந்தது. அதில் கேள்வி கேட்பவன் நான். அக்கா மேரி காலைப் பூசைக்குப் போய்விட்டு, சமையலை முடித்துவிட்டு, மத்தியான வாக்கில் கூப்பிடுவாள். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அளந்து போட்ட கைக்குத் தன் சோற்றை அளக்கத் தெரியவில்லை என்று நான் குத்திக் காட்டுவேன். சர்க்கரை எவ்வளவு, நடந்தாயா, சோற்றைக் குறைத்தாயா என்று வரிசையாகக் கேட்பேன். அவள் ஒரு எண்ணைச் சொல்வாள். போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூடியிருந்தால் அன்றைக்கு என் பிரசங்கம் நீளும். அக்கா கணவர், எங்கள் மாமா, அந்த நேரத்தில் கையில் முறுக்கை மறைத்துக்கொண்டு அவள் பின்னால் குனிந்து போவார். அவர் எனக்கு வைத்த பெயர் 'சுகாதார ஆபீசர்'.

நான் அசல் சுகாதார ஆபீசராகத்தான் இருந்தேன். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவேன், இனிப்பைத் தொடமாட்டேன், ராத்திரிக்குக் கீரையும் வெள்ளரிக்காயும்தான். வியாதி வந்தவனைப் பார்த்தால் பரிதாபத்துக்கு முன்னால் எனக்குள் ஒரு கேள்வி எழும்: இவன் என்ன தப்புப் பண்ணினான்? அந்தக் கேள்வி எவ்வளவு அசிங்கமானது என்று என் நெஞ்சே எனக்குக் காட்டிக் கொடுத்தது.

2

ஒரு நாள் படிக்கட்டு ஏறும்போது நெஞ்சுக்குள் யாரோ சாக்கில் கட்டிய கோழியை வைத்தது போல ஒரு படபடப்பு. நின்றால் நிற்கவில்லை, உட்கார்ந்தாலும் நிற்கவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். துடிப்பு தாளமில்லாமல் ஓடியது. இரண்டு வேகமாக, ஒன்று காணோம், பிறகு மூன்று ஒன்றன்மேல் ஒன்று.

இங்கே நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார முடியாது. முதலில் குடும்ப மருத்துவரின் வரவேற்பாளரிடம் தொலைபேசியில் நம் கஷ்டத்தை விளக்கி, நாம் உண்மையிலேயே நோயாளிதான் என்று அவரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் அவசரத்தில் என் டச்சு கால் இடறும். என் இதயம் சரியாக இல்லை என்று சொல்ல நினைத்தேன். என் இதயம் துடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண், "ஆனால் நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்களே, ஐயா" என்றாள்.

எப்படியோ பார்க்க வரச் சொன்னார்கள். வேறு ஊரில் படிக்கும் என் மகள் ஷெரின் ரயிலேறி வந்து துணைக்கு உட்கார்ந்தாள். மொழி எனக்குத் தெரியும்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு சொல் பிசகினாலும் ஆபத்து என்று மனைவி அவளை வரவழைத்துவிட்டாள். துடிப்பைப் பதிவு செய்யும் ஈசிஜி கம்பிகளை மார்பில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்த என்னை மகள் பார்க்காதது போலச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். நான் சட்டையைத் தேடினேன்.

சீரற்ற இதயத் துடிப்பு என்று டாக்டர் சொன்னார். இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிறது. அப்போது ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். உறையாமல் இருக்க ஒரு மாத்திரை தருகிறேன், ஒரு வேளைகூடத் தவற விடக்கூடாது என்றார்.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டேன். ஷெரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் தோளைக் குலுக்கினார். ஒன்றும் பண்ணியிருக்க வேண்டியதில்லை, சிலருக்கு வரும், அவ்வளவுதான் என்றார்.

ஆறுதலுக்காகச் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. தப்புப் பண்ணாதவனுக்கும் வரும் என்றால், இத்தனை காலம் நான் அக்காவைத் திட்டியதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

வெளியே வந்ததும் ஷெரின், "ரொம்பப் பேருக்கு இருக்குப்பா. என் ஃப்ரெண்டோட தாத்தாவுக்குக்கூட இருக்கு" என்றாள். அவளும் ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். "அத்தைகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

3

சொல்லவில்லை. அந்த ஞாயிறும் வழக்கம்போல அக்காவின் சர்க்கரையைத்தான் விசாரித்தேன். கேட்டால் பயந்துவிடுவாள், அழுவாள் என்று மனைவியிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், மாமா என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். கீரை தின்று சைக்கிள் ஓட்டிய ஆபீசர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான் என்று அவர் சொல்வது என் காதில் கேட்டது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஊருக்குப் போக ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தேன். டாக்டர் போகலாம் என்றார். மனைவிக்கு விடுப்பு இல்லை, தனியாகக் கிளம்பினேன்.

எங்கள் வீட்டில் வெளிநாட்டுப் பெட்டி என்றால் அது கொண்டுவந்தவனுக்குச் சொந்தமில்லை. வந்து இறங்கி, கூடத்தின் நடுவில் வைத்து, குளிக்கப் போய்விட வேண்டும். திரும்பி வருவதற்குள் அக்கா திறந்து சாக்லேட்டு, சோப்பு, தைலம், வைட்டமின் என்று பிரித்து யார் யாருக்கு எது என்று தீர்மானித்திருப்பாள். அனுமதி கேட்கிற பேச்சே கிடையாது. பெட்டியை நான் பூட்டி வைத்தால்தான் என்ன ஒளிக்கிறான் என்று கேள்வி வரும். மாத்திரை அட்டை கண்ணில் பட்டால் போச்சு, மாமா அதைக் கடைத்தெரு மெடிக்கல்காரரிடம் காட்டி ஒரு நிமிஷத்தில் விஷயத்தைக் கறந்துவிடுவார்.

அதனால் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். வீட்டில் காலியான ஒரு வைட்டமின் பாட்டில் இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி அதில் போட்டேன். அக்காவுக்குக் கொடுக்க வாங்கிய அசல் வைட்டமின் பாட்டிலும் அதே கடையில் வாங்கியதுதான். இரண்டையும் பெட்டிக்குள் வைத்தேன். என் மாத்திரை எனக்குத் தெரியாதா, குளிக்கப் போகும் முன்னால் என் பாட்டிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன் என்பது திட்டம்.

போய் இறங்கியதும் மாமா கட்டிப் பிடித்தார், அக்கா அழுதாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். திட்டம் மறந்துபோயிற்று. குளித்துவிட்டு வந்தபோது பெட்டி திறந்திருந்தது. என் பாட்டில் மட்டும் துணிகளுக்கு நடுவில் கிடந்தது. அப்பாடா என்று எடுத்து வைத்துக்கொண்டேன். கொஞ்சம் லேசாக இருக்கிறதே என்றுகூடத் தோன்றவில்லை.

4

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை; இயேசு சிலுவை சுமந்து போன வழியை நினைத்துப் பதினான்கு நிலைகளில் நின்று ஜெபிப்பது. எங்கள் தேவாலயப் பங்கில் அதைக் கோயிலுக்குள் செய்யமாட்டார்கள். கல்வராயன் மலை தொடங்குகிற இடத்தில் ஒரு குன்று இருக்கிறது; அதன்மேல் ஏறிக்கொண்டே செய்வார்கள். மரச்சிலுவை கனமானது. ஒவ்வொரு நிலையிலும் தோள் மாறும். ஐந்தாம் நிலை, சீரேனே ஊர் சீமோன் சிலுவையைத் தாங்கிக் கொடுத்த இடம். சீமோன் வெளியூர்க்காரன் என்பதால் அந்த நிலையில் வெளியூரிலிருந்து வந்தவர்தான் தூக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். நான் போகிற வருடங்களில் அது என் தோள். அந்த இடத்தில் என்னைப் படம் எடுத்து அக்கா எல்லாருக்கும் அனுப்புவாள்.

மூன்றாம் நிலையிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் இருந்த அந்தக் கோழி விழித்துக்கொண்டுவிட்டது. கீழே மரவள்ளிக் கொல்லையும் கரும்பும் அணைத் தண்ணீரும் தெரிந்தன. படம் எடுப்பது போலக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். ஒரு படமும் எடுக்கவில்லை.

"மச்சான், ஒன் மொற வந்துடுச்சி. வா" என்றார் மாமா.

"முட்டி வலி மாமா. ஏறவே முடியல."

"இன்னா மச்சான், சைக்கிள் உட்ற முட்டியா வலிக்குது?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே எதுவும் கேட்காமல் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து, என் நிலைக்கும் அவரே குனிந்தார். அவருக்கு என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் கூட. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்ற அக்கா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மேலே ஏறி முடித்ததும் கொடுத்த கஞ்சியை வாங்கவே எனக்குக் கை வரவில்லை.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். இறங்கி வரும்போது அக்கா, "முட்டிக்கு எண்ண தேச்சி உடட்டா?" என்று கேட்டாள். சரி என்றேன். இல்லாத வலிக்கு உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டேன்.

5

அடுத்த வாரம் அக்கா கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டும் என்றாள். கடைவாய்ப் பல் வலி. துணைக்கு நானும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பல் டாக்டர் ஒரு இளம்பெண். அக்காவை உள்ளே அழைத்துப் போனார். நான் வெளியே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பல்லைப் பிடுங்கிவிட்டு வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு அக்கா வெளியே வந்தாள். நன்றாகத்தான் இருந்தாள்.

பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது பஞ்சு முழுக்கச் சிவந்திருந்தது. டாக்டர் கொடுத்தனுப்பிய மாற்றுப் பஞ்சை வைத்தாள். அதுவும் நனைந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். முந்தானை நனைந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்ப அதே மருத்துவமனைக்கு ஓடினோம். மாமாவுக்கு போன் செய்தேன்.

டாக்டர் அவளை நாற்காலியில் சாய்த்து அரை மணி நேரமாக அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை. பிடித்தபடியே கேட்டார்: "அம்மா, சர்க்கரை மாத்திரை மட்டும்தானே சாப்பிடறீங்கன்னு சொன்னீங்க? வேற எதுவும் இல்லையே?"

அக்காவால் பேச முடியவில்லை. கைப்பையைக் காட்டினாள். நான் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் என் மாத்திரைகள். சின்னதாக, இளஞ்சிவப்பாக.

எனக்கு விளங்கிவிட்டது. பெட்டியைத் திறந்தவள் ஒரே மாதிரி இரண்டு பாட்டில் இருப்பதைப் பார்த்திருக்கிறாள். அசல் வைட்டமின் குதிரைக்குக் கொடுக்கிற அளவுக்குப் பெரிசு. அதைத் தூக்கி நாத்தனாரிடம் கொடுத்துவிட்டாள். முழுங்கச் சுலபமாக இருந்த இன்னொரு பாட்டில் மாத்திரையில் தனக்குக் கொஞ்சம் கொட்டிக்கொண்டு மீதியைப் பெட்டியில் வைத்துவிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள், சத்து மாத்திரை போடு என்று வாராவாரம் உயிரை எடுத்தவன் நான்தான். வந்த நாளிலிருந்து தினம் போட்டிருக்கிறாள்.

"இது என்ன மாத்திரைங்க?" என்றார் டாக்டர்.

நான் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "இது பிளட் தின்னர் ஆச்சே! யாரோடது?"

அடுத்து நான் சொன்னதை எழுதத்தான் இவ்வளவு தயங்கினேன். கதவு திறந்திருந்தது. வெளியே காத்திருந்தவர்களில் எங்கள் பங்குக்காரர் ஒருவர் இருந்தார். மாமாவும் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"என் ஒய்ஃபோடது. தெரியாம என் பெட்டியில வந்துடுச்சி" என்றேன்.

அக்காவின் வாயிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருக்கிறது. நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் நாக்கு அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னது.

டாக்டர் கையை எடுக்காமலே அடுத்தடுத்துக் கேட்டார். எத்தனை பவர், நாளைக்கு எத்தனை வேளை, எதற்காகக் கொடுத்தார்கள், கூட வேறு ஏதாவது மாத்திரை அந்த பாட்டிலில் கலந்திருக்கிறதா. "கரெக்டா சொல்லுங்க சார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட நான் கேட்கணும். உங்க ஒய்ஃபுக்கு போன் போட்டுக் குடுங்க, நானே பேசறேன்."

கைபேசியை எடுத்தேன். அக்கா சாய்ந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குன்றின்மேல் பார்த்தாளே, அதே பார்வை. கைபேசியைக் கீழே வைத்தேன்.

"எனக்குத்தாங்க. என் மாத்திரைதான். எனக்கு இதயத் துடிப்பு சரியில்ல. பவர் எல்லாம் தெரியும், சொல்றேன்."

வெளியே இருந்த பங்குக்காரர் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். மாமா வாசலிலேயே நின்றார். டாக்டர் மட்டும் எதுவும் நடக்காதது போல, "சரி, சொல்லுங்க" என்றார்.

6

தையல் போட்டு, மருந்து வைத்து, இரவு கண்காணிப்பில் இருக்கட்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் ரத்தம் நின்றுவிட்டது. அடுத்த வேளை மாத்திரை போகாததால் மருந்தின் வேகம் தானாகவே இறங்கிவிடும் என்றார்கள். கெட்டதாக எதுவும் நடக்கவில்லை. நடந்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியும்.

வார்டு வராந்தாவில் மாமா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் சிரிப்பார் என்று பயந்தேனே, சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒடம்புல கோளாறுன்னா எங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா மச்சான் வெக்கம்? நாங்க இன்னா ஊராங்களா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அன்னிக்கி மலையிலயும் இதானா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "நெஞ்ச புட்ச்சிக்கினா மேல ஏறின? பைத்தியக்காரா" என்றவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அக்கா வாயைத் திறந்து பேசினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"இப்பவும் அடிச்சிக்குதா?"

"இல்லக்கா. சரியாத்தான் இருக்கு."

"எத்தினி நாளா?"

சொன்னேன். 

"எனுக்கு இந்தப் பல்லு ஒரு மாசமா வலி. நீ வந்தப்புறமும் ஒரு வாரம் பல்ல கடிச்சிக்கினுதான் இருந்தேன். ஒங்கிட்ட சொன்னா இனிப்பு துன்னியான்னு கேப்ப. அதான் சொல்லல" என்றாள். "நீயும் என்ன மாரியே ஒளிச்சி வெச்சிக்கினு இருந்திருக்கிற."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது. வியாதியைக் குற்றம்போல ஒளிக்கிற வழக்கத்தை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது நான். அவளைப் பல வருடம் கூனிக்குறுக வைத்திருக்கிறேன். அதே கூச்சம் எனக்கு வந்தபோது சில மாதம்கூடத் தாங்க முடியாமல் அவள் உயிரோடு விளையாடிவிட்டேன்.

திரும்பி வந்து ஷெரினிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவள் டச்சில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு மாறி, "எனக்குக் காய்ச்சல் வந்தாகூட உங்ககிட்ட சொல்றதில்லப்பா. ஜாக்கெட் போட்டியான்னு ஆரம்பிப்பீங்க" என்றாள். பிள்ளைகள் இந்த ஊர்க் காற்றில் நம்மைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று நண்பர்களிடம் நிறையப் புலம்பியிருக்கிறேன். காற்று மட்டும் காரணமில்லை போலிருக்கிறது.

7

இப்போது மாத்திரை அதன் அட்டையிலேயே, சாப்பாட்டு மேஜையின் நடுவில் கிடக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கலாம். முதல் சில நாட்கள் விருந்தாளி வந்தால் கை தானாக அதை மூடப் போகும். பிடித்து நிறுத்திக்கொள்வேன். படபடப்பு எப்போதாவது வருகிறது. வந்தால் உட்கார்ந்துகொள்கிறேன், படம் எடுப்பதாக நடிப்பதில்லை.

ஊரில் எங்கள் பங்கில் எனக்காகப் பூசை வைத்தார்கள். என் பெயரையும் என் நெஞ்சில் இருப்பதையும் பங்குச் சாமியார் ஒலிபெருக்கியில் சொன்னாராம். முன்பு என்றால் கூனிப் போயிருப்பேன். இப்போதும் கூனித்தான் போனேன், ஆனால் அவரிடம் ஏன் சொன்னாய் என்று அக்காவைக் கேட்கவில்லை.

போன ஞாயிறு நாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகு அக்கா திருப்தியாகத் தலையாட்டினாள். "இரு, நானும் ஒண்ணு காட்றேன்" என்று எழுந்து போனாள். சர்க்கரை பார்க்கிற கருவியை எடுத்து வந்து விரலில் குத்தி, ரத்தத்தை வைத்து, எண் வந்ததும் அதை அப்படியே கைபேசிக்கு முன்னால் பிடித்தாள். இத்தனை வருடத்தில் அவள் வாயால் எண்ணைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எப்போதும் சொல்கிற எண்ணைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தது.

பிரசங்கம் முழுவதும் தொண்டை வரை வந்துவிட்டது. சோறு, நடை, முறுக்கு எல்லாம் வரிசையாக நின்றன. அக்கா கருவியைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"இன்னாடா, திட்டலியா?"

"மாத்திரை போட்டியாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டு, கைபேசிக்குப் பக்கத்தில் வந்து, வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். கடைவாயில் பல் பிடுங்கிய இடம் தெரிந்தது. நன்றாக ஆறியிருந்தது.